அடுத்த வீட்டு விந்தை: குடியிருப்பைக் களமாகக் கொண்ட அறிவியல் புனைவு ஒலி நாடகம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலி நாடகம் எழுத விரும்புவோரும் கேட்டுப் பழகியவர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. விளக்க வசதிக்காகப் பெரும்பாலான விடைகளில் ஒரே கதைக்கருவை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 4 மாடிகளும் 16 வீடுகளும் கொண்ட ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகிக் கிடக்கிறது. எல்லோரும் படியேறித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் முதல் அந்தப் படிக்கட்டில் எதிரொலி முன்னால் கேட்கிறது, அதற்குரிய பேச்சு பின்னால் வருகிறது. முதல் வாரத்தில் இந்த முந்தல் அரை விநாடி. பிறகு சில விநாடிகள், சில நிமிடங்கள் என்று நீண்டுகொண்டே போகிறது. கரு இவ்வளவுதான்.

ஒலி நாடகத்துக்கும் ஒலி நூலுக்கும் என்ன வேறுபாடு?

ஒலி நூலில், எழுதி முடித்த உரைநடையை ஒருவர் வாசிக்கிறார். "அவள் கதவைத் திறந்தாள்" என்னும் வாக்கியமே அங்கே கதவைத் திறந்துவிடுகிறது. ஒலி நாடகத்தில் தாழ்ப்பாள் விலகும் ஓசையும், கதவுக்கு அப்பாலிருந்து திடீரென்று உள்ளே வரும் வேறோர் இடத்தின் இரைச்சலும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். வானொலி நாடகம் என்று முன்பு அழைக்கப்பட்டதும் இன்று பாட்காஸ்டாக வருவதும் கலை வடிவத்தில் ஒன்றே. கேட்கும் முறைதான் மாறியிருக்கிறது: குடும்பமே ஒரு பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்ட இடத்தில், இப்போது தனி ஒருவர் ஹெட்போனில் கேட்கிறார். இதனால் கிசுகிசுப்பான வசனத்துக்கு முன்பு இல்லாத வலிமை கிடைத்திருக்கிறது.

அறிவியல் புனைவுக்கு விண்கலமும் வேற்றுக் கோளும் வேண்டாமா? சாதாரணக் குடியிருப்பில் என்ன சுவை இருக்க முடியும்?

இந்தக் கேள்வியே மிக அதிகமாக வருகிறது. சற்று விரிவாகச் சொல்ல வேண்டியதும் இதுதான்.

விண்கலத்தின் எஞ்சின் எப்படி ஒலிக்கும் என்பது கேட்பவர் எவருக்கும் தெரியாது. நீங்கள் எந்த ஓசையைப் போட்டாலும் அவர் ஏற்றுக்கொள்வார். ஆனால் அது பிசகினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அதே கேட்பவருக்குத் தண்ணீர் மோட்டார் ஓடும் ஒலி தெரியும். தொட்டி நிரம்பி வழியத் தொடங்கும்போது அந்த ஒலியோடு சேரும் சலசலப்பு தெரியும். மேல்வீட்டில் நாற்காலி இழுபடும்போது அது எந்த அறையில் இழுபடுகிறது என்பதுகூடத் தெரியும். பல ஆண்டுகளாக, கவனிக்காமலேயே, அவர் காது இந்த ஒலிகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஒன்றே ஒன்றை மாற்றினால் போதும், உடல் சிலிர்க்கும். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் விழும் ஓசை மட்டும் இல்லை. நாற்காலி இழுபடுகிறது, ஆனால் இது கடைசி மாடி.

ஆகவே விந்தையை நம்ப வைக்கும் பொறுப்பு வழக்கத்தின் ஒலிகளிடம்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. எதிரொலி முந்தும் கதையில் முதல் 5 நிமிடங்களில் விந்தை எதுவும் நிகழக் கூடாது. லிஃப்ட் பற்றிய புகார், படியேறி மூச்சு வாங்குபவர், எண்ணெயே காணாத கேட்டின் கிறீச்சொலி, சாவிக்கொத்து, இவையெல்லாம் கேட்பவர் காதில் ஊறிய பிறகுதான் முதல் பிசகு வர வேண்டும். அந்தக் கேட் எப்படிக் கிறீச்சிடும் என்று தெரியாதவருக்கு, அது நேரத்துக்கு முன்பே கிறீச்சிட்டால் என்ன புரியும்?

இரண்டாவது காரணம் மனிதர் சார்ந்தது. குடியிருப்பில் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே கணக்கும் வழக்கும் உண்டு: வண்டி நிறுத்தும் இடத்தகராறு, நிலுவையில் உள்ள பராமரிப்புப் பணம், பேசாமல் இருக்கும் இரு வீடுகள். விண்கலக் குழுவுக்கு இத்தகைய உறவுகளை நீங்கள் கட்டி எழுப்ப வேண்டும். இங்கே அவை வாசலிலேயே நிற்கின்றன. விந்தை வந்து அவற்றின் மேல் இடறி விழுவதுதான் நாடகம்.

இந்த வகைக்கு முன்னோடிகள் உண்டா?

உண்டு. வானொலிக்கென்றே எழுதப்பட்ட நாடகங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று ரிச்சர்ட் ஹியூஸ் எழுதி 1924 ஜனவரி 15 அன்று பிபிசி ஒலிபரப்பிய 'டேஞ்சர்'. அது அறிவியல் புனைவு அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்துபோய் இருளில் சிக்கியவர்களின் கதை. பார்க்க முடியாத நிலையைக் குறையாகக் கருதாமல், கதாபாத்திரங்களையும் கேட்பவரையும் ஒரே இருட்டில் நிறுத்தியது அதன் சாமர்த்தியம். இருளில் எழுதத் தெரிந்தவர் ஒலி நாடகம் எழுதலாம் என்று இன்றும் சொல்லலாம்.

1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழுவினர் நடத்திய 'வார் ஆஃப் தி வோர்ல்ட்ஸ்' எல்லோரும் அறிந்தது. செவ்வாய்க் கோளிலிருந்து வந்தவர்கள் தலைநகரில் இறங்கவில்லை. நியூஜெர்சியில் உள்ள குரோவர்ஸ் மில் என்னும் சிறிய ஊரின் பண்ணையில் இறங்கினார்கள். நடன இசை ஒலித்துக்கொண்டிருக்க, இடையிடையே செய்தி அறிவிப்புகள் குறுக்கிட்டன. கள நிருபராக நடித்தவர், அதற்கு முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்தபோது பதிவான நேரடி வருணனையைக் கேட்டுக் கேட்டுத் தம் குரலைப் பயிற்றுவித்துக்கொண்டார். அந்த நிருபரின் குரல் வாக்கியத்தின் நடுவே அறுந்து, சில விநாடிகள் எதுவுமே கேட்காமல் போகும் இடம்தான் அந்த ஒரு மணி நேரத்தின் உச்சம். அதற்கு எந்தச் சிறப்பொலியும் தேவைப்படவில்லை.

டக்ளஸ் ஆடம்ஸ் எழுதி 1978 மார்ச் 8 அன்று பிபிசி ரேடியோ 4-இல் தொடங்கிய 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' தொடர், புறவழிச் சாலைக்காக ஒருவரது வீட்டை இடிக்க வரும் உள்ளூர் நிர்வாகத்தோடு ஆரம்பிக்கிறது. சற்று நேரத்தில் அதே காரணத்துக்காகப் பூமியே இடிக்கப்படுகிறது. 2012-இல் தொடங்கிய 'வெல்கம் டு நைட் வேல்' இன்னும் நெருக்கமான உறவினர். பாலைவனத்தில் உள்ள ஒரு கற்பனைச் சிற்றூரின் சமூக வானொலி அறிவிப்பாளர், வானிலை, போக்குவரத்து, ஊர்க்கூட்டம் ஆகியவற்றை அறிவிக்கும் அதே தொனியில் மர்மங்களையும் அறிவித்துக்கொண்டே போகிறார். தொனி மாறாமல் இருப்பதே அதன் தந்திரம்.

போலிச் செய்தி அறிவிப்பை நம் நாடகத்திலும் பயன்படுத்தலாமா?

எச்சரிக்கையுடன் பயன்படுத்தலாம். 1938 ஒலிபரப்பால் நாடே பீதியில் ஓடியது என்று அடுத்த நாள் நாளிதழ்கள் எழுதின. பிற்கால ஆய்வாளர்கள் அது பெரிதும் மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்கிறார்கள். இது நாடகம் என்ற அறிவிப்பு தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் தரப்பட்டிருந்தது. ஆனால் 1949 பிப்ரவரியில் ஈக்வடாரின் கீட்டோ நகரில் இதே கதையை உள்ளூர்ப் பெயர்களுடன் வானொலியில் நடத்தியபோது, ஏமாற்றப்பட்டதை அறிந்த கூட்டம் அந்த நிலையம் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தது, உயிர்கள் போயின. இன்றைய சூழலில் ஒரு நாடகத்தின் 40 விநாடித் துண்டு தனியே பிரிந்து கைப்பேசிகளில் சுற்றக்கூடும். ஆகவே உண்மையான ஊர், உண்மையான துறை, உண்மையான அவசர எண் எதையும் அத்தகைய அறிவிப்பில் வைக்காதீர்கள். குடியிருப்பின் ஒலிபெருக்கியில் செயலாளர் தரும் அறிவிப்பே கதைக்குப் போதும். பயமும் அதில்தான் கூடுதல்.

ஒரு கதையில் எத்தனை விந்தைகள் இருக்கலாம்?

ஒன்று. எதிரொலி முந்தும் படிக்கட்டில், மூன்றாம் மாடிக்காரர் வேற்றுக் கோளிலிருந்து வந்தவராகவும் இருக்க வேண்டாம். ஒரே விதியை எடுத்துக்கொண்டு அதன் விளைவுகளை வரிசையாகத் தொடருங்கள். முந்தல் அரை விநாடியாக இருக்கும்வரை அது எரிச்சல் மட்டுமே; லிஃப்ட்காரரையும் கட்டட ஒப்பந்தக்காரரையும் திட்டுவார்கள். 10 விநாடி ஆனதும் குழந்தைகள் அதை விளையாட்டாக்கிக்கொள்வார்கள். 5 நிமிடம் ஆனதும் காவலாளிக்கு அது வேலை வசதி. யார் வரப்போகிறார் என்று கேட்டு முன்னதாகவே கேட்டைத் திறந்து வைப்பார். ஒரு மணி நேரம் ஆனதும் படிக்கட்டில் ஒட்டுக்கேட்பது குடியிருப்பின் அரசியலாகிவிடும். பிறகு ஒரு மாலையில், இன்னும் வீடு திரும்பாத ஒருவரின் அலறல் கேட்கிறது. விந்தை ஒன்றுதான்; அளவு மாறும்போது மனிதர்கள் மாறுகிறார்கள்.

அறிவியல் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

நீங்கள் மீறும் விதியைத் தவிர மற்ற எல்லாம் சரியாக இருக்க வேண்டும். காரணத்துக்கு முன் விளைவு வருவதை இயற்பியல் அனுமதிப்பதில்லை. கதை அதை மீறுகிறது, நல்லது. ஆனால் ஒலியின் மற்றப் பண்புகளை அறிந்து வைத்திருங்கள். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மூல ஒலியிலிருந்து பிரிந்து தனியாகக் கேட்க எதிரொலி சுமார் 0.1 விநாடி தாமதிக்க வேண்டும். போய் வரும் தூரத்தைக் கணக்கிட்டால், சுவர் 17 மீட்டர் தொலைவிலாவது இருக்க வேண்டும். 4 மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் நாம் கேட்பது பெரும்பாலும் எதிரொலி அல்ல, பல சுவர்களில் பட்டுப் பட்டு ஒன்றோடொன்று கலந்த எதிர்முழக்கம். கதையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெரியவர்களிடம் இதைத் திருத்திச் சொல்வதாக ஒரு காட்சி வைத்தால், அறிவியலும் வந்துவிடும், அவள் யார் என்பதும் தெரிந்துவிடும். அவள் அதற்குமேல் ஒரு வாக்கியம் பேசினால் அது பாடம்.

முகம் தெரியாத நிலையில் கதாபாத்திரங்களைக் கேட்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

ஒரே காட்சியில் நான்கு குரல்களுக்கு மேல் வேண்டாம். குரல்களின் வயது, சுருதி, பேச்சு வேகம் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும்படி நடிகர்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சிறந்த நடிகர்களின் குரல்கள் ஒத்திருந்தால், ஒருவரைத் தியாகம் செய்ய வேண்டியதுதான்.

அதற்கு அப்பால், தமிழில் எழுதுபவருக்குக் கைகொடுக்கும் சில வசதிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். முதலாவது விளிச்சொல். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் செயற்கையாக இருக்கும். ஆனால் அண்ணே, அக்கா, சார், தம்பி, பெரியம்மா என்று அழைப்பது நம் இயல்பு. யார் மூத்தவர், யாருக்கு யார் மேல் உரிமை, யாரோடு மனத்தாங்கல் என்பதெல்லாம் ஒரே விளிச்சொல்லில் வெளிப்படும். நேற்றுவரை "அண்ணே" என்றவர் இன்று "சார்" என்றால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

இரண்டாவது வினைமுற்று. நம் வாக்கியத்தின் கடைசி அசை, பேசப்படும் பொருள் உயர்திணையா அஃறிணையா, ஆணா பெண்ணா, மதிப்புக்குரியவரா என்பதைச் சொல்லியே தீரும். குடியிருப்புக்குள் ஒரு செயற்கை அறிவுக் கருவியோ இனம் தெரியாத ஒன்றோ நுழைவதாகக் கதை எழுதினால், குடியிருப்போர் அதை "வந்துச்சு" என்பார்களா, "வந்தான்" என்பார்களா, "வந்தாங்க" என்பார்களா? எழுத்தாளர் விரும்பினாலும் இந்தத் தேர்விலிருந்து தப்ப முடியாது. முதல் பகுதியில் எல்லோரும் "அது" என்கிறார்கள். ஆறாம் பகுதியில் ஒரு பெரியம்மா மட்டும், யாரும் கவனிக்காதபடி, "அவரு இன்னும் சாயங்காலம் பேசலையே" என்கிறார். கதையின் திருப்பம் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, நாமும் நாங்களும். கேட்பவரைச் சேர்த்துச் சொல்வது நாம், விலக்கிச் சொல்வது நாங்கள். சுவருக்குள்ளிருந்து வரும் குரல் 10 பகுதிகளாக "நாங்கள்" என்று பேசிவிட்டுப் பதினொன்றாம் பகுதியில் "நாம்" என்று தொடங்கினால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உரையாடல் எழுத்துத் தமிழில் இருக்கலாமா?

கூடாது. கதை சொல்பவர் எழுத்துத் தமிழில் பேசலாம்; பதிவு செய்யப்பட்ட அறிவிப்பும் அப்படி இருக்கலாம். படியேறி வருபவர் அப்படிப் பேசினால் நாடகம் அங்கேயே செத்துவிடும். நடிகருக்குத் தரும் ஸ்கிரிப்டிலேயே பேச்சு வடிவத்தில் எழுதிவிடுவது நல்லது. "நீங்களே பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்றால் ஆளுக்கொரு பேச்சாகிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு: வேற்றுலகக் குரலுக்கு எழுத்துத் தமிழைக் கொடுத்துப் பார்க்கலாம். எல்லோரும் பேசும் தமிழுக்கு நடுவே, இலக்கணம் வழுவாத ஒரு குரல், எந்த எஃபெக்டும் இல்லாமலேயே அந்நியமாக ஒலிக்கும்.

ஒரு காட்சியை எழுதிக் காட்ட முடியுமா?

மேற்சொன்ன கருவிலிருந்து ஒரு துண்டு. செயலாளர் இரண்டாம் மாடியில் நிற்கிறார்.

(படிக்கட்டின் முழக்கம். செருப்புச் சத்தம் கீழிருந்து ஏறி வருகிறது. அருகில் வந்து, அவரைக் கடந்து, மேலே போகிறது.)
செயலாளர்: யாரு? (நிறுத்தம்) யாரு மேல போறது?
காவலாளி (கீழே, தூரத்தில்): யாரும் வரலையே சார். நான் இன்னும் கேட்டே திறக்கலை.
(கேட் கிறீச்சிடுகிறது. அதே செருப்புச் சத்தம், இப்போது முழக்கமின்றி, முதல் படியில் கால் வைக்கிறது.)
பெரியம்மா (ஏறிக்கொண்டே): என்ன தம்பி, இப்படி வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

இங்கே எவரும் "எதிரொலி முந்துகிறது" என்று சொல்லவில்லை. அதைக் கேட்பவரே கண்டுபிடிக்கிறார். செயலாளருக்கு முன்பே கண்டுபிடிக்கிறார் என்பதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. ஸ்கிரிப்ட் எழுதியதும் அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஒருவர் கேட்டு உணர முடியுமா என்று சோதியுங்கள். "செயலாளர் கவலையோடு பார்க்கிறார்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். பார்வைக்கு ஒலி கிடையாது.

விவரிப்பாளர் தேவையா?

தேவையில்லை என்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. விவரிப்பாளருக்குக் கதைக்குள் ஒரு வேலை இருந்தால் அவர் இருக்கட்டும். சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கும் செயலாளரே விவரிப்பாளராகலாம்: "தீர்மானம் 3: படிக்கட்டில் பிறர் இனிப் பேசப்போவதை ஒட்டுக்கேட்பதைத் தவிர்க்குமாறு உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." ஒலியால் சொல்ல முடியாததை மூடி மறைக்க மட்டும் அவரை அழைக்காதீர்கள்.

விந்தையான ஒலிகளை எப்படி உண்டாக்குவது? விலை உயர்ந்த மென்பொருள் வேண்டுமா?

வேண்டாம். பிபிசி 1958-இல் தொடங்கிய ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்னும் ஒலிக்கூடத்தின் வரலாறே இதற்குச் சான்று. அங்கே பணியாற்றிய பிரையன் ஹாட்ஜ்சன், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் காலப் பயண இயந்திரத்துக்கு ஒலி அமைக்க வேண்டியிருந்தபோது, பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகளின் மேல் தம் தாயாரின் வீட்டுச் சாவியைத் தேய்த்துப் பதிவு செய்து, அதன் வேகத்தையும் போக்கையும் மாற்றி வடித்தெடுத்தார். காலத்தைக் கடக்கும் இயந்திரத்தின் ஒலிக்குள் ஒரு வீட்டுச் சாவி இருக்கிறது. குடியிருப்புக் கதை எழுதுபவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

எனவே அந்தக் குடியிருப்பின் பொருள்களிலிருந்தே விந்தையின் ஒலியை எடுங்கள். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்து விம்மும் ஒலியைப் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓடவிடுங்கள்; சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி, ஏதோ பெரிய உயிர் மூச்சு விடுவதுபோல் இருக்கும். கேட்பவருக்கு அது எங்கேயோ கேட்டதுபோலத் தோன்றும்; என்னவென்று பிடிபடாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் "வேற்றுலக" ஒலிகளுக்கு இந்த உறவு இருப்பதில்லை.

எதிரொலி முந்துவதை உண்டாக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒலியைத் தலைகீழாகத் திருப்பி, அதற்கு ரிவர்ப் (செயற்கை முழக்கம்) சேர்த்து, மீண்டும் திருப்பினால், முழக்கம் சிறிதாகத் தொடங்கி வீங்கி வந்து பேச்சில் முடியும். இது கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பேய்க் கதைகளில் தேய்ந்துபோன உத்தி. மற்றது எளிது: ரிவர்ப் கருவியில் மூல ஒலியை முற்றிலும் நீக்கிவிட்டு முழக்கத்தை மட்டும் தனி ட்ராக்கில் எடுத்து, அதை முன்னால் நகர்த்தி வையுங்கள். அப்போது கேட்பது எந்தப் படிக்கட்டிலும் கேட்கும் சாதாரண முழக்கம்தான். அதற்குரிய வாய் மட்டும் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. நாங்கள் இதையே பரிந்துரைக்கிறோம். சாதாரணமாக ஒலிப்பதால்தான் இது அதிகம் உறுத்துகிறது.

தொலைபேசிக் குரலுக்கு, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். பழைய தொலைபேசி இணைப்புகள் கடத்திய அலைவரிசை அவ்வளவுதான். நெருப்புக்குச் செலோபேன் தாளைக் காதருகே கசக்கும் பழைய வழி இன்றும் செல்லும்.

வீட்டில் பதிவு செய்ய முடியுமா?

முடியும். கிடைக்கும் சிறந்த மைக்கைத் தேடுவதற்கு முன் கிடைக்கும் சிறந்த அறையைத் தேடுங்கள். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசினால், வெற்றுச் சுவர் கொண்ட பெரிய அறையைவிடத் தூய்மையான பதிவு கிடைக்கும். முழக்கமில்லாத குரலுக்குப் பிறகு எந்த இடத்தின் முழக்கத்தையும் சேர்க்கலாம். அறையின் முழக்கம் ஏறிவிட்ட குரலிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. நம் கதையில் முழக்கமே கதாபாத்திரம் என்பதால் இங்கே சமரசம் வேண்டாம்.

மைக்கிலிருந்து உள்ள தூரம்தான் ஒலி நாடகத்தின் கேமரா. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேரடி ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு திசையில் மட்டும் கேட்கும் மைக்கில், மிக அருகே பேசினால் குரலின் அடித்தளம் தடிக்கிறது. ஆகவே இரகசியம் சொல்பவரை ஒரு சாண் தூரத்திலும், கீழ்த்தளத்திலிருந்து கத்துபவரை உண்மையிலேயே அறையின் கோடியிலும் நிறுத்துங்கள். எல்லோரையும் ஒரே தூரத்தில் நிறுத்திவிட்டு, மிக்ஸிங்கில் ஒலியைக் குறைத்துத் தூரம் காட்ட நினைத்தால், கத்துபவர் தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது. ஒலியைக் குறைத்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்ய மறக்காதீர்கள். அறைக்கு அறை அமைதி வேறு. எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே வெற்றிடம் விழாமல் காப்பது அதுதான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிவு செய்வது போதுமானது.

இறுதிக் கோப்பின் ஒலி அளவு எவ்வளவு இருக்க வேண்டும்?

பாட்காஸ்டுக்கு ஸ்டீரியோவில் சராசரி உரப்பளவு −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. உச்சம் −1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்புக்கான −23 எல்யூஎஃப்எஸ் அளவில் விட்டால் கைப்பேசியில் மெலிந்து கேட்கும். முடித்ததும் ஹெட்போனில் ஒரு முறையும், ஓடும் வாகனத்தில் ஒரு முறையும் கேளுங்கள். வாகன இரைச்சலில் கிசுகிசுப்பு மூழ்கிப்போனால் அந்தக் காட்சியை மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டும்.

ஒரு பகுதி எத்தனை நிமிடம் இருக்கலாம்?

15 முதல் 25 நிமிடம். ஸ்கிரிப்ட் பக்கங்களை எண்ணிக் கணக்கிடாமல், கடிகாரம் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள்; நிறுத்தங்களுக்கும் படியேறுவதற்கும் நேரம் ஆகும்.

பிறர் பதிவு செய்த ஒலிகளையும் இசையையும் எடுத்துக்கொள்ளலாமா?

உரிமத்தைப் படித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சிசி 0 என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. பிஒய் என்றால் உரியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். என்சி என்று இருந்தால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது, அதாவது நாடகத்தில் விளம்பரம் சேர்க்கத் தொடங்கும் நாளில் அந்த ஒலி சிக்கலாகும். எந்த ஒலியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று முதல் நாளிலிருந்தே ஓர் அட்டவணை வைத்திருங்கள். திரைப்பாடலின் இரண்டு வரி அடுத்த வீட்டு ரேடியோவில் கேட்பதாக வைப்பதற்கும் அனுமதி வேண்டும்.

செயற்கை அறிவு உருவாக்கிய குரல்களைப் பயன்படுத்தலாமா?

கதையில் இயந்திரமாக வரும் பாத்திரத்துக்குப் பயன்படுத்தலாம். கேட்பவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். உண்மையான ஒருவரின் குரலை அவர் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றிப் படியெடுக்கக் கூடாது. மனிதப் பாத்திரங்களுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நான்காம் மாடிக்கு ஏறி வந்தவர் பேசும்போது மூச்சு எந்தச் சொல்லில் அறும் என்பது, உண்மையிலேயே நான்கு மாடி ஏறிவிட்டு வந்து மைக்கின் முன் நிற்கும் நடிகருக்குத்தான் தெரியும். முடிந்தால் ஏறவைத்தே பதிவு செய்யுங்கள்.

காது கேளாதோருக்கு என்ன செய்வது?

ஒவ்வொரு பகுதியுடனும் எழுத்துப் பிரதியை வெளியிடுங்கள். வசனம் மட்டும் போதாது; "கேட் கிறீச்சிடுகிறது" என்பதும் அதில் இருக்க வேண்டும். பதிவின்போது வசனம் மாறியிருந்தால் பிரதியையும் மாற்றுங்கள்.

விந்தைக்குக் காரணம் என்ன என்பதைக் கடைசியில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

காரணத்தைச் சொல்லாமல் விடலாம். விளைவைச் சொல்லாமல் விட முடியாது. படிக்கட்டில் எதிரொலி ஏன் முந்தியது என்று சொல்லாததைக் கேட்பவர் மன்னித்துவிடுவார்; அலறியவர் என்ன ஆனார் என்று சொல்லாததை மன்னிக்க மாட்டார். கடைசிப் பகுதியில் லிஃப்டைச் சரிசெய்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி யாரும் படியேற வேண்டியதில்லை. படிக்கட்டில் ஆள் இல்லை, பேச்சில்லை, முன்கூட்டியே ஒலிக்கவும் ஏதுமில்லை. லிஃப்டின் கதவு மூடிக்கொள்கிறது. பெரியம்மா மட்டும் பழக்கத்தால் படிப்பக்கம் வந்து, ஒரு நிமிடம் நின்று, காது கொடுத்துக் கேட்கிறார். அங்கே என்ன ஒலிக்க வேண்டும் என்பதை எழுதுபவர் முதல் பகுதியை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஒலியின் முழக்கம், யாரும் கவனிக்காத அளவில், முதல் பகுதியிலேயே இருந்தாக வேண்டும்.